உழைக்கும் கரம் ஓய்ந்தால் உலை வைப்பது யார்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

     

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. வரவு செலவுக் கணக்கும், பள்ளிவாசல் பராமரிப்பு அறிக்கையும், மதரஸா அறிக்கையும் உங்கள்முன் படிக்கப்பட்டுவிட்டன. அவற்றோடு, தனியே எடுத்துப் பேச வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அன்றாடம் தம் உடலுழைப்பால் வாழும் ஒரு சுயதொழிலாளி காயம்பட்டு வீட்டில் கிடக்க நேரிட்டால், அவருடைய வைத்தியத்திற்கும் குடும்பத்தின் உணவுக்கும் யார் பொறுப்பு? இதுவே அந்தப் பொருள். மஃரிபுக்குப் பின் நம் பள்ளிவாசல் வாயிலில் உதவி கேட்டு நிற்போரில் பிறவி ஏழைகள் குறைவு. நேற்றுவரை நான்கு பேருக்குச் சோறு போட்டு, விபத்தினால் கைநீட்ட நேர்ந்தவர்களே மிகுதி.

நமது கடற்கரையும் நமது தொழில்களும்

தொண்டி முதல் ஏர்வாடி வரை, பாம்பன் தீவு உட்பட, நமது கடற்கரையில் மாதச் சம்பளம் பெறுவோர் சிறுபான்மையினரே. விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் செல்வோர், கரைவலை இழுப்போர், சங்கு குளிப்போர், ஐஸ் பெட்டி சுமப்போர், கருவாடு காயவைப்போர், பாசி எடுக்கும் பெண்கள், பனை ஏறுவோர், சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவோர், ஆட்டோ ஓட்டுநர்கள், தையற்காரர்கள், தேநீர்க்கடை வைத்திருப்போர் ஆகிய இவர்களே நம் ஊர்களின் முதுகெலும்பு.

ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி ஆபத்து உண்டு. விசைப்படகில் இழுவைக் கயிறு விஞ்சில் சுற்றும்போது விரல்கள் நசுங்குகின்றன. வலையில் சிக்கிய திருக்கையின் முள் காலில் தைக்கிறது. பாசி எடுக்கும் பெண்களின் விரல்களைப் பவளப்பாறை கிழிக்கிறது. அவர்கள் விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு நீரில் இறங்குவதை நாம் காண்கிறோம். கரிமூட்டத்தைப் பிரிக்கையில் தீப்பட்டுக் கால் வெந்துபோகிறது.

சங்கு குளித்தலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஹார்னல் என்னும் மீன்வள அதிகாரி 1914 ஆம் ஆண்டில் சங்கைப் பற்றி எழுதிய ஆய்வில், கீழக்கரை முஸ்லிம் குளியாளிகளைக் குறிப்பிடுகிறார். தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கிச் செய்யப்பட்ட தொழில் இது. மூச்சடக்கி மூழ்குவதற்குப் பதிலாகக் காற்றழுத்த இயந்திரத்திலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருக்கத் தொடங்கினால் புதிய ஆபத்து ஒன்று சேர்கிறது. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், குளியாளி விரைந்து மேலே வரும்போது குமிழிகளாகப் பிரிகிறது. மூட்டுவலியில் தொடங்கிக் கால்கள் செயலிழப்பது வரை அதன் விளைவு நீளும்.

சட்டத்தின் எல்லை

தொழிலில் காயம்பட்டவனுக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கை புதியதன்று. ஜெர்மனியில் 1884 ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் 1897 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் 1923 இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1948 இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் இயற்றப்பட்டன. இவை அனைத்திற்கும் அடிப்படை, முதலாளி ஒருவர் இருக்கிறார், அவரிடம் சம்பளம் பெறும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்பதாகும். தானே முதலாளியும் தானே தொழிலாளியுமாக இருப்பவருக்கு அச்சட்டங்களில் இடம் கிடைக்கவில்லை.

நமது கடல் தொழிலில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. படகில் செல்வோருக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பங்குதான் உண்டு. பிடித்த மீனை விற்று, டீசல், ஐஸ், உணவுச் செலவு கழித்து, மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிக்கிறார்கள். பங்குக்காரர் ஒருவரின் கை முறிந்தால், அவர் படகு உரிமையாளரிடம் வேலை செய்தார் என்பதற்குச் சம்பளச் சீட்டு இராது. நல்ல மனமுள்ள உரிமையாளர் முதல் மருத்துவச் செலவை ஏற்கிறார். அதற்குமேல் அவரும் கடனில் படகு ஓட்டுபவரே.

உலகில் வேறு வழியைக் கண்ட நாடும் உண்டு. நியூசிலாந்து 1974 ஏப்ரல் முதல், யார்மீது தவறு என்று கேளாமல், விபத்தில் காயமுற்ற எல்லோருக்கும் பொதுநிதியிலிருந்து உதவுகிறது. அங்கே சுயதொழில் செய்பவரும் உள்ளடக்கம். முதல் வாரத்திற்குப் பின், அவர் ஈட்டிவந்த வருமானத்தில் நூற்றுக்கு 80 பங்கு வாராவாரம் அவருக்குக் கிடைக்கிறது. நமது நாடு அந்நிலைக்கு வர நாளாகலாம். ஆயினும் நம்மிடையே ஏற்கனவே இருக்கும் உதவிகளையேனும் நாம் முழுமையாக அறிந்திருக்க வேண்டும்.

அரசு அளிக்கும் உதவிகள்

முதலாவது, மீனவர்களுக்கானது. தமிழ்நாடு மீனவர் நல வாரியம் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. 2020 இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ், 18 முதல் 70 வயது வரையுள்ள பதிவு பெற்ற மீனவருக்குக் குழு விபத்துக் காப்பீடு ஏற்படுத்தப்பட்டது. விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமுற்றாலோ 5 லட்சம் ரூபாய். பகுதி ஊனத்திற்கு 2½ லட்சம் ரூபாய். விபத்தால் மருத்துவமனையில் சேர்ந்தால் 25,000 ரூபாய் வரை என வகுக்கப்பட்டது. சந்தாவை மத்திய, மாநில அரசுகளே செலுத்தும் ஏற்பாடு இது. ஆண்டுதோறும் மீன்வளத் துறை அலுவலகத்தில் தம் பெயர் பட்டியலில் உள்ளதா என்று ஒவ்வொரு மீனவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பிற தொழில்களுக்கான நல வாரியங்கள். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982 இல் இயற்றப்பட்டது. அதன் அடிப்படையில் கட்டுமானத் தொழிலாளர், தையல் தொழிலாளர், ஆட்டோ மற்றும் வாடகை ஊர்தி ஓட்டுநர், பனைமரத் தொழிலாளர் எனத் தனித்தனி வாரியங்கள் அமைந்துள்ளன. விபத்து மரணம், உடலுறுப்பு இழப்பு ஆகியவற்றிற்கு உதவித்தொகை உண்டு. மாவட்டத் தலைநகரிலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகமே இதற்குரிய இடம். பதிவு செய்வதோடு நில்லாமல், உரிய காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்காத அட்டையை விபத்துக்குப் பின் நீட்டிப் பயனில்லை.

மூன்றாவது, நமது பள்ளிவாசல் ஊழியர்களுக்குரியது. உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009 இல் தமிழக அரசால் அமைக்கப்பட்டது. இமாம், முஅத்தின், மதரஸா ஆசிரியர், தர்கா மற்றும் அடக்கத்தலப் பணியாளர் ஆகியோர் இதில் உறுப்பினராகலாம்.

நான்காவது, வங்கிக் கணக்கு வழியான விபத்துக் காப்பீடு. 2015 மே மாதம் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவின் சந்தா முதலில் ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்து, 2022 ஜூன் முதல் 20 ரூபாயானது. விபத்து மரணத்திற்கும் முழு ஊனத்திற்கும் 2 லட்சம் ரூபாய். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் இழப்பிற்கு 1 லட்சம் ரூபாய். ஜூன் முதல் நாளிலிருந்து மே மாத இறுதிவரை ஓராண்டுக் கணக்கு. மே இறுதியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பு அறுந்துபோகும்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் நமக்குக் கிடைத்துவருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிந்துகொள்ளலாம். பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். சாலை விபத்திற்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. அடையாளம் தெரியாத வாகனம் மோதிச் சென்றுவிட்டால், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபின், மதுரைக்கு ஓடவேண்டிய நிர்ப்பந்தம் ஓரளவு குறைந்துள்ளது. எலும்பு கூடியபின் தேவைப்படும் இயன்முறை மருத்துவத்தை வீட்டிற்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. உறுப்புக் குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருந்தால் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

எட்டாத இடைவெளி

இவ்வளவு இருந்தும், நம் சகோதரர் ஏன் வாயிலில் நிற்கிறார்? மேலே சொன்னவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒன்று மரணத்திற்கு, மற்றொன்று உறுப்பு இழப்பிற்கு, வேறொன்று மருத்துவமனைச் செலவிற்கு. முன்கை எலும்பு முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டோடு இருக்கும் தையற்காரர் இறக்கவுமில்லை, கையை இழக்கவுமில்லை. அவருடைய சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே முடிந்திருக்கலாம். ஆயினும் அந்த மூன்று மாதமும் தையல் இயந்திரம் ஓடாது, வாடகை நிற்காது, பிள்ளைகளின் பசி நிற்காது.

மீன்பிடித் தடைக்காலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. தொழில் நின்றால் வருமானம் நிற்கும் என்பதை உணர்ந்தே அரசு தடைக்கால நிவாரணம் வழங்குகிறது. 5,000 ரூபாயாக இருந்த அத்தொகை 8,000 ஆக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. கடலுக்கு ஓய்வு கொடுத்தால் நிவாரணம் உண்டு. மனிதனின் எலும்பு ஓய்வு கேட்டால் அதற்கு ஈடான ஏற்பாடு இல்லை.

இந்த இடைவெளியில்தான் வட்டி நுழைகிறது. முதல் வாரம் கையிருப்பு கரைகிறது. இரண்டாம் வாரம் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அடுத்த மாதம் நாள்வட்டிக்காரர் திண்ணையில் அமர்கிறார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 இல் சட்டம் வந்திருந்தும், அவசரத்தில் இருப்பவன் சட்டத்தைத் தேடுவதில்லை. எலும்பு முழுதும் கூடுமுன்பே கட்டைப் பிரித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறான். மூன்று மாதத்தில் ஆறவேண்டிய காயம் ஆயுள் ஊனமாகிறது. அல்லாஹ் தடுத்த வட்டியில் ஒரு முஸ்லிம் குடும்பம் விழுவதை ஊரார் பார்த்துக்கொண்டிருப்பது முறையாகுமா?

மார்க்கம் காட்டும் வழி

காப்பீடு மார்க்கத்தில் ஆகுமா என்ற ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக நோக்கிலான காப்பீடு கூடாது என்றும், பரஸ்பர ஒத்துழைப்பின் அடிப்படையில் அமைந்த காப்பீடு ஆகுமானது என்றும் தீர்மானித்தது. மலேசியாவில் 1984 இலேயே தகாஃபுல் சட்டம் இயற்றப்பட்டது. நாம் சந்தா கட்டாமல் அரசே வழங்கும் உதவியையும், நாமே சந்தா கட்டும் திட்டத்தையும் ஒன்றாகக் கருதி இரண்டையும் விட்டுவிட வேண்டியதில்லை. பின்னதைப் பற்றி ஐயமுள்ளோர் நம் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

சுமையைக் கூட்டாகப் பகிர்ந்துகொள்வது இஸ்லாத்திற்குப் புதிதல்ல. தவறுதலாக நேர்ந்த கொலைக்கான ஈட்டுத்தொகையைக் கொலை செய்தவர் ஒருவர்மீதே சுமத்தாமல், அவருடைய குலத்தார் பகிர்ந்து செலுத்தும் 'ஆகிலா' முறை ஃபிக்ஹு நூல்களில் உண்டு. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம் வரையறுக்கிறது. ஏழைகளோடு கடன்பட்டோரும் அதில் தனிப்பிரிவாகச் சொல்லப்பட்டுள்ளனர். காயத்தினால் தொழிலிழந்து கடனில் மூழ்கியவர் அப்பிரிவுக்கு உரியவரா என்பதை, அவரவர் நிலையைப் பார்த்து நம் ஆலிம்கள் முடிவு செய்வார்கள்.

எமது முன்மொழிவுகள்

நிர்வாகக் குழு உங்கள்முன் நான்கு முன்மொழிவுகளை வைக்கிறது.

முதலாவது, பைத்துல்மாலில் 'காயமுற்றோர் வாழ்வாதார நிதி' என ஒரு தனிக்கணக்கு. ஓர் உதாரணக் கணக்கைக் கேளுங்கள். 400 குடும்பங்கள் மாதம் 30 ரூபாய் வீதம் தந்தால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் சேரும். காயமுற்ற குடும்பம் ஒன்றிற்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் மூன்று மாதம் கொடுத்தால் 18,000 ரூபாய். ஆக, ஓராண்டில் எட்டுக் குடும்பங்களை வட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் காக்கலாம். மாதம் 30 ரூபாய் என்பது நாளொன்றுக்கு ஒரு ரூபாய்தான்.

இரண்டாவது, நகையை ஈடாகப் பெற்று வட்டியின்றி வழங்கும் 'கர்ழன் ஹஸனா' என்னும் அழகிய கடன். குணமடைந்து தொழிலுக்குத் திரும்பிய பின்னரே முதல் தவணை. வெளிநாடுவாழ் சகோதரர்கள் இதற்கு முதலீடு தர முன்வருமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

மூன்றாவது, வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் உதவி மேசை. படித்த இளைஞர் இருவர் அமர்ந்து, நல வாரியப் பதிவு, புதுப்பித்தல், காப்பீட்டு அட்டை ஆகியவற்றிற்கு விண்ணப்பம் நிரப்பித் தருவார்கள். யாருடைய அட்டை எந்த மாதம் காலாவதியாகிறது என்ற ஏடும் அங்கே இருக்கும். மே மாத ஜும்ஆக்களில் வங்கிக் காப்பீட்டை நினைவூட்டும் அறிவிப்பும் செய்யப்படும்.

நான்காவது, முதலுதவிப் பயிற்சி. திருக்கை முள் தைத்தால், தாங்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் காயமுற்ற பகுதியை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும்; பின்னர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ தைத்த முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கொண்டுசெல்ல வேண்டும். குளியாளிக்கு மேலே வந்தபின் மூட்டுவலியோ மரத்துப்போதலோ தோன்றினால், மீண்டும் நீருக்குள் இறக்கக் கூடாது. படுக்கவைத்து, பிராணவாயு கிடைக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093 என்ற எண்களை ஒவ்வொரு படகிலும் எழுதி ஒட்டுங்கள்.

விபத்து நடந்தவுடன் எவ்வளவு பதற்றம் இருந்தாலும் மூன்று தாள்களை மறவாதீர்கள். மருத்துவமனையில் 'தவறி விழுந்தார்' என்று மட்டும் எழுதவிடாமல், எங்கே, எந்த வேலையில், எவ்வாறு நேர்ந்தது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். கடல் விபத்தானால் அன்றைய டோக்கனைப் பத்திரப்படுத்தி, மீன்வளத் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். உதவி கேட்டுச் செல்லும்போது அலுவலகங்கள் முதலில் கேட்பவை இத்தாள்களே.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஸகாத் பணம் மார்க்கம் வகுத்த பிரிவினருக்கே செல்லும். அதன் கணக்கு தனியே பேணப்படும். ஸதகாவாகச் சேரும் வாழ்வாதார நிதியோ நம் மஹல்லாவில் வாழும் இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களுக்கும் உரியது. ஒரே படகில் ஏறி ஒரே அலையில் இறங்கும் நாம், கரைக்கு வந்தபின் காயத்தை மட்டும் பிரித்துப் பார்க்க இயலாது. உதவி பெறுவோரின் பெயர் ஆண்டறிக்கையில் வெளியிடப்படாது. தொகையும் எண்ணிக்கையும் மட்டுமே அச்சிடப்படும். பெறுபவரின் கண்ணியமும் கொடுப்பவரின் நம்பிக்கையும் இரண்டும் காக்கப்பட வேண்டும்.

அன்பிற்குரியவர்களே! இன்று நாம் தருபவர்கள். நாளை யார் பெறுபவர் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். இம்முன்மொழிவுகளைப் பொதுக்குழு ஏற்றுக்கொண்டால், வரும் மாதத்திலிருந்தே நிதி திரட்டும் பணி தொடங்கும், இன்ஷா அல்லாஹ். உழைத்து ஓய்ந்த கரங்களுக்கு உதவும் கரங்களாக நம்மை ஆக்கியருள வல்ல ரஹ்மானை இறைஞ்சி நிறைவு செய்கிறோம். ஆமீன்.